வீலக்காவின் ஆறாவது டேக்

நான் பேய்ப் படம் பார்ப்பதில்லை, ஐயா. பார்த்தால் இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது. இருபத்திரண்டு வருடமாகப் பேய்ப் படங்களுக்கு ஒலிப்பதிவு செய்கிறவன் இப்படிச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரியுங்கள், பரவாயில்லை. நாங்கள் படத்தைத் துண்டு துண்டாகப் பார்க்கிறவர்கள். பயமெல்லாம் முழுசாகப் பார்க்கிறவர்களுக்குத்தான்.

எழுதுகிறவர் நிதானமாக எழுதட்டும். நானும் நிதானமாகவே சொல்கிறேன்.

இறந்துபோனவள் என் அக்கா. கூடப் பிறந்தவள், என்னைவிட ஏழு வயது மூத்தவள். டப்பிங் பேசுவது அவள் தொழில். ஆனால் வசனம் பேச அவளை யாரும் கூப்பிடுவதில்லை, கத்துவதற்குத்தான் கூப்பிடுவார்கள். எந்தக் கதாநாயகி பேயைக் கண்டு வாயைத் திறந்தாலும், பாதிக்குப் பாதி அங்கே வருவது அக்காவின் குரலாக இருக்கும். வீல் என்று அப்படியொரு கத்தல். அதனால் எங்கள் வட்டாரத்தில் அவளுக்கு வீலக்கா என்றே பெயர். போனை எடுத்தால் அவளே, “வீலக்காதான் பேசறேன், யாரைக் கொல்லணும்?” என்பாள். தொண்டை கிழியக் கத்திவிட்டு, ஒரு மிடறு வெந்நீர் குடித்துவிட்டு, “டேய், வீட்ல கேஸ் தீர்ந்துபோச்சுடா” என்று சாதாரணமாகச் சொல்வாள். அவளுக்கு அது வேலை, அவ்வளவுதான்.

அதுதான் பிரச்சினை என்று நான் பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் நாங்கள் இருவரும் வேலை செய்த படம் ஒன்று வந்தது. மத்தியானக் காட்சிக்குப் போய் வாசல் ஓரமாக நின்று கேட்டேன். பேய் வந்தது. அக்கா கத்தினாள். ஜனங்கள் சிரித்தார்கள். பாப்கார்னை மென்றுகொண்டே சிரித்தார்கள், ஐயா. ஒருவன் அந்தக் கத்தலை அப்படியே திருப்பிக் கத்திக்காட்டினான், அதற்கு எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். “சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க, விடுடா. பயந்து போனா அப்புறம் வீட்ல யாரு தனியா பாத்ரூம் போவா?” என்றாள். அவள் அதை அன்றைக்கே மறந்துவிட்டாள். என்னால் முடியவில்லை.

பயம் எதனால் வருகிறது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். ரத்தம் என்பார்கள், கோரமான முகம் என்பார்கள், திடீரென்று அடிக்கிற சத்தம் என்பார்கள். திடீர்ச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப்போடும், உண்மைதான். குக்கர் விசிலுக்கும்தான் தூக்கிவாரிப்போடுகிறது. நிஜமான பயம் வேறு. திரையில் ஒரு பெண் கதவைத் திறக்கப் போகிறாள். கதவுக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ‘வேண்டாம், போகாதே’ என்று மனசுக்குள் அடித்துக்கொள்கிறீர்கள். அவளுக்குக் கேட்காது. எழுந்து போய் அவள் கையைப் பிடித்து இழுக்க உங்களால் ஆகாது. அந்தக் கையாலாகாத்தனம்தான் பயம். மற்றதெல்லாம் வெறும் மேக்கப்.

இதை எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. சின்ன வயதில் எங்கள் வீட்டுக் குளியலறையில் பல்பு கிடையாது. பட்டப்பகலில்கூட உள்ளே கண் தெரியாது. நான் உள்ளே போனால் அக்கா வாசலில் நிற்க வேண்டும். தலையில் ஒரு சொம்பு ஊற்றியதும், “அக்கா, இருக்கியா?” என்பேன். “இருக்கேன்டா” என்பாள். அடுத்த சொம்புக்கும் அதே கேள்வி, அதே பதில். ஒருநாள் விளையாட்டுக்காக அவள் பதில் சொல்லவில்லை. பத்து எண்ணுகிற நேரம் இருக்கும், அவ்வளவுதான். வாசலில் அவள் நிற்பது எனக்குத் தெரிந்தது, அவள் மூச்சுக்கூட எனக்குக் கேட்டது. ஆனால் பதில் வரவில்லை. பேய்க்கும் பிசாசுக்கும் அப்புறம் நான் பயந்ததில்லை. அந்தப் பத்து எண்ணிக்கையை இன்றுவரை மறக்கவும் இல்லை. அதற்காக அவள் மேல் எனக்குக் கோபம் என்று எழுதிவிடாதீர்கள். கோபமெல்லாம் இல்லை.

இந்தப் படத்துக்கு வருவோம். கதாநாயகியை உயிரோடு ஓர் அறைக்குள் வைத்து அடைத்துவிடுகிறார்கள். கத்தினாலும் யாரும் வரமாட்டார்கள் என்பது அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய வேண்டும். படமே அந்த ஒரு காட்சிதான். முதல் நாள் அக்கா ஐந்து டேக் கொடுத்தாள். இயக்குநர் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்தார். “என்னய்யா இது, ஆட்டோக்காரனைக் கூப்பிடுற மாதிரி இருக்கு? எனக்குக் கேட்டா வயித்தைக் கலக்கணும்யா. நாளைக்கு ஒரு டேக் எடு. வரலைன்னா ரெண்டு பேரையும் மாத்திடறேன்” என்றார். அக்கா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். எனக்குத்தான் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது என்று அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள்.

எங்கள் வேலையில் சில வழக்கங்கள் உண்டு. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் நடந்தது விளங்காது. குரல் கொடுக்கிறவர் உள்ளறைக்குப் போகும்முன் சத்தம் தரக்கூடிய எதையும் வெளியே கழற்றி வைத்துவிட வேண்டும். வளையல், கைக்கடிகாரம், செல்போன், சாவிக்கொத்து, கைப்பை. என் மேஜையில் அதற்கென்றே ஒரு தட்டு இருக்கிறது. டேக் எடுக்கும்போது ஏசியை நிறுத்திவிடுவோம், அதன் முனகல் பதிவில் விழும். வெளியே நடையில் சிவப்பு விளக்கு எரியும். அது எரிகிறவரை யாராக இருந்தாலும் கதவைத் திறக்கக் கூடாது. தயாரிப்பாளரே வந்தாலும் நிற்க வேண்டியதுதான். உள்ளறைச் சுவர் முழுக்கப் பழைய கம்பளம் ஒட்டியிருக்கிறது. தட்டினால் புழுதி பறக்கும். கத்தினால் சத்தம் ஒரு முழத்துக்கு மேல் போகாது. நான் உள்ளே பேச வேண்டுமென்றால் என் மேஜையில் இருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் அவர்களுக்கு என் குரல் கேட்காது. அவர்கள் குரல் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்த வாரம் உள்ளறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடி கழன்று வந்துவிட்டது. அதை என் மேஜை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தேன். நீங்கள் அங்கேதான் எடுத்தீர்கள். வெளியிலிருந்துதான் கதவைத் திறக்க முடியும். எல்லோருக்கும் அது தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

அவள் இரண்டு மணிக்கு வந்தாள். வளையலைக் கழற்றினாள், போனை வைத்தாள், கைப்பையைத் திறந்து இன்ஹேலரை எடுத்து அதையும் தட்டில் வைத்தாள். பாவாடை தாவணிக் காலத்திலிருந்தே அவளுக்கு இழுப்பு உண்டு. பையில் போட்டால் தேட வேண்டியிருக்கும் என்று எப்போதும் தனியாகத்தான் வைப்பாள். “மூணு மணிக்குப் பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் விட்டுடும். அதுக்குள்ள முடிச்சுடுவியா?” என்று கேட்டாள். அவளுக்கு ஒரே மகள், இரண்டாம் வகுப்பு. முடித்துவிடலாம் என்றேன். கதவருகில் போய்த் திரும்பி, “கைப்பிடி இல்ல, ஞாபகம் இருக்குல்ல? என்னை உள்ள வெச்சுட்டு டீ குடிக்கப் போயிடாதடா” என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

சின்னச் சின்னத் துணுக்குகளை முதலில் முடித்தோம். இரண்டு நாற்பத்தைந்துக்கு, ஆறாவது டேக்குக்கு என்று சொல்லிச் சிவப்பு விளக்கைப் போட்டேன். ஏசியை நிறுத்தினேன். உள்ளறை விளக்கையும் அணைத்தேன். எங்கள் இருவருக்கும் நடுவே கண்ணாடி இருக்கிறது. அதன் திரைச்சீலையை இழுத்துவிட்டேன். பதிவை ஓடவிட்டேன். அப்புறம் நான் செய்தது ஒன்றுமில்லை. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நிமிடம்தான் என்று நினைத்திருந்தேன். அதை நீங்கள் நம்ப வேண்டும்.

முதல் நிமிடத்தில் அவள், “கரன்ட் போயிடுச்சா?” என்றாள். அப்புறம், “டேய், விளக்கைப் போடு” என்றாள். கொஞ்ச நேரம் பாட்டு முணுமுணுத்தாள். கண்ணாடியைத் தட்டினாள். “போதும்டா, விளையாடாத” என்றாள். குரலில் கோபம் இருந்தது. கோபம் எனக்குத் தேவையில்லை. இரண்டு நிமிடம் ஆனபோது அதனால்தான் நிறுத்தவில்லை. இன்னும் வரவில்லை, இப்போது போய்க் கதவைத் திறந்தால் அவள் என்னைத் திட்டுவாள், அப்புறம் இதை மறுபடி செய்யவே முடியாது.

நான்காம் நிமிடத்தில் வந்தது. “தம்பி, இருக்கியா?” என்றாள்.

அவள் என்னைத் தம்பி என்று கூப்பிட்டுப் பல வருடம் ஆகிறது. டேய்தான். அந்தக் குரலை நான் விவரிக்க மாட்டேன், நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அதில் கத்தலே கிடையாது. கழுத்தின் பின்னால் எனக்குச் சிலிர்த்துவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் நான் தேடியது இதைத்தான் என்று தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஐயா. பொய் சொல்லவில்லை. அவளுக்காக அப்படி மனசு துடித்தது. ஆனால் என்ன செய்ய முடியும்? சிவப்பு விளக்கு எரிகிறது. டேக் ஓடுகிறது.

டீ கொண்டுவருகிற பெரியவர் நடையில் வந்து நின்றிருக்கிறார். விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு, கையில் இரண்டு டம்ளரோடு அப்படியே காத்திருந்திருக்கிறார். நேற்று உங்களிடம் அழுதாராமே. “லைட்டு எரிஞ்சுதுங்க, நான் எப்படித் திறப்பேன்?” என்றாராமே. அவர் சொல்வது நியாயம். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

தட்டில் இன்ஹேலர் இருந்ததையே மறந்துவிட்டேன் என்று முன்பு எழுதிக்கொடுத்தேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். இரண்டு ஐம்பத்திரண்டுக்கு அவள் போன் துடித்தது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப அவளே வைத்திருந்த அலாரம், திரையில் ‘பாப்பா’ என்று இருந்தது. மேஜை அதிர்ந்து பதிவில் விழுந்துவிடுமோ என்று பயம் வந்தது. தட்டைத் தூக்கித் துண்டின் மேல் வைத்தேன். தூக்கும்போது இன்ஹேலர் உருண்டது. சத்தம் வராமல் விரலால் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.

அதற்குள் அவள் பேசுவதை நிறுத்தியிருந்தாள். கதவில் கைப்பிடி இருந்த இடத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். இழுப்பு ஆரம்பித்துவிட்டது. பழைய சைக்கிள் பம்பு அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். எங்கள் அம்மா வேலைக்குப் போயிருக்கிற பகல்களில் அந்தச் சத்தத்தைக் கேட்டு, அவள் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அது எதில் போய் முடியும் என்று இந்த உலகத்தில் வேறு யாரையும்விட எனக்குத் தெரியும். ‘போகாதே, அக்கா’ என்று மனசுக்குள் சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை. படம் பார்க்கிறவன் நிலைமை அதுதான். அடுத்து நடக்கப்போவது தெரியும், எழுந்து போக முடியாது. என் கால்கள் எழவே இல்லை, ஐயா. ஹெட்போன் மாட்டியிருந்தேன், அதன் வயர் மூன்று அடிதான்.

மொத்தம் பதினான்கு நிமிடம். கடைசி ஒரு நிமிடத்தில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததும் காட்சிக்குத் தேவைப்படலாம் என்று ஓடவிட்டேன். பதிவை நிறுத்தினேன். கோப்புக்குப் பெயர் வைத்தேன். இரண்டு இடத்தில் நகல் எடுத்தேன். பிறகு சிவப்பு விளக்கை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். அவளை மடியில் போட்டுக்கொண்டு கத்தினேன். டீக்காரப் பெரியவர் ஓடி வந்தார். நான் கத்தியது பதிவாகவில்லை. ஆனால் அது சுமாரான கத்தல்தான், கேட்டவர் யாருக்கும் வயிற்றைக் கலக்கியிருக்காது.

பாப்பாவைப் பள்ளிக்கூட வாசலிலிருந்து நாலரை மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான் போய்க் கூட்டிவந்தார். இன்னும் அவளிடம் யாரும் சரியாகச் சொல்லவில்லை என்கிறார்கள். யாராவது சொல்ல வேண்டும். என்னால் ஆகாது.

பதிவில் பதினோராவது நிமிடத்தில் சத்தம் திடீரென்று கூடுகிறதே, அது எதனால் என்று காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். இயந்திரக் கோளாறு என்றேன். இயந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை.

அவள் கடைசியாக ஒரு தடவை, “தம்பி, இருக்கியா?” என்றாள். மூச்சே இல்லாமல் சொன்னதால் பாதிதான் கேட்டது. என் மேஜையில் உள்ளே பேசுகிற பொத்தானும், குரலின் அளவைக் கூட்டுகிற திருகும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நடுவே ஒரு விரல் அகலம் இருக்கும். எழ முடியாது என்றேனே தவிர, கை நன்றாகத்தான் வேலை செய்தது. நான் திருகைக் கூட்டினேன்.

கேட்டதெல்லாம் சொல்லிவிட்டேன், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் தவறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்காவை நான் தனியாக விட்டுவிட்டேன் என்று வெளியே பேசிக்கொள்கிறார்களாம். அது பொய், ஐயா. கடைசிவரை நான் அங்கேதான் இருந்தேன், ஒரு மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.