தொய்யக்கீரையின் நிறம் பச்சை

மாலையின் மணம் மாறாமல் தலைமை நாற்காலியில் வீற்றிருக்கும் மாண்பமை பேராசிரியர் வெங்கடசுப்பிரமணியன் அவர்களே! பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் விரலைப் பிடித்துத் தூரிகை ஓட்டக் கற்றுத்தந்த ஆசிரியை ரம்யாஸ்ரீ அவர்களே! முன்வரிசையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் மூத்தோரே! பிள்ளையை இடுப்பிலும் பையைத் தோளிலும் போட்டுக்கொண்டு பேருந்து மாறி மாறி வந்திருக்கும் பெருமைக்குரிய தாய்மார்களே! பஜ்ஜித் தட்டு எப்போது வரும் என்று பின்கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் பாசமிகு நண்பர்களே! உங்கள் அனைவரையும் செல்லூர் வசுந்தரா கைகூப்பி வணங்குகிறேன்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரித்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் உங்களில் பலருக்கு என்மேல் கோபம் வரப்போகிறது.

ஏற்புரை என்று அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறார்கள். எதை ஏற்க? இந்தப் பொன்னாடையையா? இந்தக் கேடயத்தையா? நம் செடி ஓவியப் பயிலரங்கத்தார் சேர்ந்து உருவாக்கிய ‘நம்மூர்ச் செடி நூறு’ என்ற நூலின் அட்டை இன்று இந்த மேடையில் வெளியாகியிருக்கிறது. அட்டையில் இருப்பது முதல் பரிசு பெற்ற என் எம்பிராய்டரி ஓவியம். நாளை மறுநாள் நூல் அச்சேறுகிறது. அடுத்த மாதம் பள்ளி நூலகங்களுக்குப் போகிறது. பூரிக்க வேண்டிய பொழுது. பொங்க வேண்டிய நெஞ்சு. ஆனால் எனக்கு வாயெல்லாம் கசக்கிறது, ஐயா. ஏன் கசக்கிறது என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் யார்? செல்லூரில் ஒரு சந்துக்குள் கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்கிறவள். பதினாறு வருடமாக மயில் தைத்தவள். மயில் தோகைக்கு எத்தனை கண் என்று கேட்டால், அது மணப்பெண்ணின் முதுகு அகலத்தைப் பொறுத்தது என்பேன்! இடப்பக்கம் எத்தனை இலையோ வலப்பக்கமும் அத்தனை இலை; அதுதான் எங்கள் தொழில். வீட்டில் சௌராஷ்டிரம் பேசினாலும், விசைத்தறிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தியே வளர்ந்த தொண்டை இது. ஆகவே, மைக் அண்ணே, நீங்கள் சத்தத்தைக் குறைத்தாலும் கடைசி வரிசைவரை கேட்கும். வீணாகச் சிரமப்படாதீர்கள்.

அப்படிப்பட்டவளை உட்காரவைத்து, கையில் ஒரு வேப்பங்கொத்தைக் கொடுத்தது இந்தப் பயிலரங்கம். நான்கு வாரம் நீர்வண்ணம், நான்கு வாரம் கலர் பென்சில், நான்கு வாரம் ஊசியும் நூலும். முதல் ஞாயிறு நான் வரைந்ததைப் பார்த்து ரம்யாஸ்ரீ மேடம் கேட்டார்: “ரெண்டு பக்கமும் ஏழு ஏழு இலை போட்டிருக்கீங்களே, எண்ணிப் பாத்தீங்களா?” கொத்தை எடுத்து எண்ணினேன். ஒரு பக்கம் ஏழு. மறுபக்கம் ஆறு. நாற்பது வயதுவரை வேப்பமரத்தின் கீழே நடந்திருக்கிறேன். ஒருநாளாவது நிமிர்ந்து எண்ணியிருக்கிறேனா? அன்றைக்கு வெட்கத்தில் அழுதுவிட்டேன்.

அப்போதுதான் மேடம் எங்களுக்கு ஒரு விதியைச் சொன்னார்: “உங்களுக்குத் தெரிஞ்சத வரையாதீங்க. கண்ணுக்கு எது தெரியுதோ அத மட்டும் வரையுங்க.” அருமையான விதி! ஆணவத்தை அறுக்கிற விதி! அந்த விதியால் நாங்கள் வளர்ந்தோம். பூவின் இதழை எண்ணினோம், காம்பின் மயிரை எண்ணினோம், இலையில் பூச்சி கடித்த ஓட்டையைக்கூட அளந்து அளந்து வரைந்தோம். அதே விதியால்தான் தவறியும் போனோம்.

எங்களோடு பயின்றவர்களில் ஒருவர் ராக்கம்மாள். பேரையூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். பாதி ஆயுளை ஊரார் காட்டில் களையெடுத்தே கழித்து, இப்போது சொந்தமாக முக்கால் ஏக்கர் வைத்திருப்பவர். ஞாயிறுதோறும் இரண்டு பேருந்து மாறி, எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார். பென்சிலை அழுத்தவே மாட்டார். கீரைத் தளிரைக் கிள்ளுகிற மாதிரி நுனி விரலால்தான் பிடிப்பார். அவர் ஊருக்குத்தான் ஐந்தாவது வாரம் செடி பார்க்கப் போனோம்.

பதினெட்டுப் பேர். ஆளுக்கொரு தொப்பி, ஆளுக்கொரு பூதக்கண்ணாடி! முழங்கால் உயரம்கூட வளராத மக்காச்சோளக் காடு. பயிருக்கு நடுவே தொய்யக்கீரை முளைத்துக் கிடந்தது. நகரத்து நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: மழை பெய்தால் தானாக முளைக்கும் கீரை அது, களையெடுக்கப் போகிற பெண்கள் மடியில் பறித்து வந்து கடைந்து சாப்பிடுவார்கள். அன்று நாங்கள் பார்த்த செடியின் நிறத்தை என்னவென்று சொல்வேன்! இளந்தளிர் முழுக்க வெள்ளை. விளிம்பில் ரோஜாச் சிவப்பு. நடுநரம்பில் மட்டும் ஒரு கீற்றுப் பச்சை. போயிருந்த பதினெட்டுப் பேரும் ஒரே குரலில் “ஆகா” என்றோம்.

அந்த ஊர்க்காரரின் குரல் மட்டும் ஆகா என்று சொல்லவில்லை.

“ஏத்தா, இது அதோட நெறமில்ல,” என்றார் ராக்கம்மாள். “களை மருந்து அடிச்சு நாலு நாளு ஆச்சு. மொதல்ல இப்பிடி வெளுக்கும். இன்னும் ஒரு வாரத்துல அம்புட்டும் கருகிப்போகும். நல்ல செடி எங்க வரப்புல கெடக்கு, புடுங்கியாரவா?”

அவருக்கு என்ன பதில் கிடைத்தது தெரியுமா? முதல் பதில் மேடத்திடமிருந்து வந்தது: “அக்கா, நம்ம ரூல் ஒண்ணுதான். கண்ணுக்குத் தெரியிறத வரையணும்.” இரண்டாவது பதில், அன்று எங்களோடு வந்திருந்த, முப்பது ஆண்டு தாவரவியல் போதித்த நம் தலைவரிடமிருந்து: “இது இயற்கையான நிற வேறுபாடும்மா. ரொம்ப அபூர்வம்.” அதற்கு ராக்கம்மாள், “அபூர்வமா? எங்கூருல வருசா வருசம் ஏக்கர் ஏக்கரா கெடக்குங்கய்யா இந்த அபூர்வம்!” என்றார்.

கைதட்டாதீர்கள்! அன்றைக்கு யாரும் கைதட்டவில்லை. சிரித்தோம், விவரம் தெரியாதவள் என்று சிரித்தோம். மூன்றாவது பதிலை யார் சொன்னது? நான் சொன்னேன். இந்த வாய் சொன்னது. “அக்கா, கலரு இம்புட்டு அழகா இருக்கு. எதையாச்சும் சொல்லிக் கெடுத்துறாதீங்க.” இந்தச் சொல்லை நினைக்காத நாள் எனக்கு இல்லை.

வீட்டுக்கு வந்து துணியைச் சட்டத்தில் பூட்டினேன். மூன்று மாதம். பதினோரு நிற நூல். வெள்ளைக்கு மட்டும் நான்கு வெள்ளை. செடி அன்று மாலையே வாடிவிட்டது. வரைந்து வந்த குறிப்பையும் வண்ணத்தையும் பார்த்துப் பார்த்துத் தைத்தேன். பதினாறு வருடத்தில் நான் தைத்த எதுவும் இவ்வளவு உண்மையாக அமைந்ததில்லை என்று நம்பினேன். உண்மை! அந்தச் சொல்லைச் சொல்ல இப்போது எனக்கு நாக்கூசுகிறது.

ராக்கம்மாளும் வரைந்தார். வரப்பில் இருந்த நல்ல செடியை வேரோடு கொண்டுவந்து, கலர் பென்சிலில் வரைந்தார். அவரிடம் இருந்தவை மூன்று பச்சைப் பென்சில்கள். மூன்றும் கட்டை விரல் அளவுக்குத் தேய்ந்துபோகும்வரை வரைந்தார். நடுவர் குழு அந்தப் படத்தைத் தூக்கிப் பார்த்தது. “சுத்தமா இருக்கு, ஆனா வெறும் பச்சை. ஈர்ப்பு இல்ல” என்று கீழே வைத்தது. பச்சையான செடியைப் பச்சையாக வரைந்தது குற்றம்! செத்துக்கொண்டிருந்த செடியைச் சிங்காரித்தது சிறப்பு! ராக்கம்மாள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “பச்சச் செடிக்குப் பச்சதானங்கய்யா போட முடியும்?” படத்தைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டார். என் படம் முதல் மேசையில் இருந்தது. அதனால் நான் எழுந்து நிற்கவில்லை. கூப்பிடவும் இல்லை.

என்ன, அங்கே ஒரு ஐயா ஏதோ கேட்கிறார்? “ஒரு செடிக்குப் போயி எதுக்கும்மா இம்புட்டுச் சண்டை?” என்கிறீர்களா? நல்ல கேள்வி. நியாயமான கேள்வி. எனக்கும் போன மாதம்வரை அந்தக் கேள்வி இருந்தது.

போன மாதம் நூலின் மெய்ப்பு என் கைக்கு வந்தது. என் படம் இருந்த பக்கத்தை ராக்கம்மாளிடம் காட்டலாம் என்று பேரையூருக்குப் பேருந்து ஏறினேன். காட்டுவதற்கு என்று சொல்கிறேன். உண்மையில் மன்னிப்பு வாங்கப் போனேன். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். படத்தைப் பார்த்து, “தையல் நல்லா இருக்குத்தா” என்றார். பிறகு படத்துக்குக் கீழே விரலை வைத்து மெதுவாகப் படித்தார். அங்கே என்ன அச்சாகியிருந்தது? ‘தொய்யக்கீரை. தளிர் வெண்மை, விளிம்பு இளஞ்சிவப்பு. சமைத்து உண்ணத் தக்கது.’

அவர் விரல் அந்த வரியை விட்டு நகரவில்லை. “இதப் பாத்துட்டு யாராச்சும் வெள்ளையாக் கெடக்குறதத் தேடிப் பறிச்சா?” என்று கேட்டார். பிறகு ஒன்று சொன்னார். அவர் மருமகள் சீனியம்மாள் வேற்றூரிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், இப்படி வெளுத்த கீரையைப் பார்த்து, ஏதோ புதுவகை என்று பறித்துக் கடைந்துவிட்டாளாம். வீட்டில் ஐந்து பேருக்கும் வாந்தி. சின்னப் பிள்ளைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறியது. “கீரையாலதான்னு டாக்டரு சொல்லல, சொல்லாமயும் இல்ல. அப்பறம் மருந்தடிச்ச காட்டுல நாங்க கைய வைக்கிறதில்ல. அத எங்க ஆளுகளுக்குத் தெரியும். ஒங்க புத்தகத்தப் பாக்குற பிள்ளைக்குத் தெரியுமாத்தா?”

தெரியுமா, தாய்மார்களே? உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா? பள்ளியில் புத்தகத்தைப் புரட்டுகிறது ஒரு குழந்தை. அட்டையில் அழகான கீரை. உள்ளே உண்ணலாம் என்ற உறுதிமொழி. பேராசிரியர் பெயர் இருக்கிறது, முதல் பரிசு முத்திரை இருக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போகிற அந்தக் குழந்தை, பச்சைக் கீரையை விட்டுவிட்டு வெள்ளைக் கீரையைத் தேடிப் பறிக்காதா? “படத்துல இதுதாம்மா இருக்கு” என்று அம்மாவிடம் கொடுக்காதா? என் ஊசி குத்தியது துணியில் மட்டும்தானா?

மறுநாளே தலைவரைப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. காபி கொடுத்தார். “அட்டை முடிஞ்சிருச்சும்மா. விழா முடியட்டும். அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்” என்றார். அடுத்த பதிப்பு! முதல் பதிப்பைப் படிக்கிற பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? ஐயா, உங்களை அவமானப்படுத்த நான் வரவில்லை. நீங்கள் தவறினீர்கள், நானும் தவறினேன். தெரியாமல் தவறியதை மன்னிக்கலாம். தெரிந்த பிறகும் அச்சடிப்பதை எந்தக் கணக்கில் வைப்பது?

சீட்டு வந்துவிட்டது. “நேரம் முடிந்தது” என்று எழுதியிருக்கிறது. அழகான கையெழுத்து. மூன்று மாதம் தைத்தவளுக்கு இன்னும் மூன்று நிமிடம் கொடுக்கக் கூடாதா? என்ன, பேசட்டும் என்கிறீர்களா? பின்வரிசைத் தாய்மார்களுக்கு நன்றி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காலை எட்டு மணிக்கு, நீங்கள் ரிப்பன் வெட்டுவதற்கு முன்பே, நம் படங்கள் மாட்டியிருக்கும் கண்காட்சிக் கூடத்துக்கு வந்தேன். என் படத்தின் கீழே இருந்த சீட்டைக் கிழித்துவிட்டு வேறொரு சீட்டு ஒட்டினேன். கட்டைவிரல் தடிமன் எழுத்தில் எழுதி ஒட்டினேன்: ‘தொய்யக்கீரை. களை மருந்து அடித்த நான்காம் நாள். இதைச் சாப்பிடக் கூடாது. சொன்னவர்: ராக்கம்மாள்.’

சிறப்பு விருந்தினர் அந்தப் படத்தின் முன்னால் நின்றார். தலைவர் நின்றார். நடுவர்கள் நின்றார்கள். இருநூறு பேர் செல்ஃபி எடுத்தீர்கள். வருகைப் பதிவேட்டில் ஒருவர் ‘இயற்கையின் அதிசயம்’ என்று எழுதியிருக்கிறார். காலையிலிருந்து இந்த நொடிவரை, நீங்கள் ஒருவர்கூட என்னிடம் வந்து, “இதென்னம்மா இப்படி எழுதியிருக்கு?” என்று கேட்கவில்லை. நூலிழையை உற்றுப் பார்த்தீர்கள். அதன் கீழே இருந்த மனுஷியின் சொல்லைப் படிக்கவில்லை. உங்களைத் திட்ட எனக்கு வாயில்லை. நானும் அந்தக் காட்டில் அப்படித்தான் நின்றேன்.

இந்தக் கேடயம் இந்த மேசையிலேயே இருக்கட்டும். என் படத்தை நூலிலிருந்து நீக்கச் சொல்லவில்லை. அட்டையிலிருந்து எடுங்கள், உள்ளே, இன்று நான் ஒட்டிய அதே வரிகளோடு போடுங்கள். அதற்கு எதிர்ப்பக்கத்தில் ராக்கம்மாள் வரைந்த பச்சைச் செடியை அவர் பெயரோடு போடுங்கள். உண்ணலாம் என்ற வரி அந்தப் படத்துக்குக் கீழே மட்டும் இருக்கட்டும். நாளை மறுநாள்தான் அச்சு. நேரம் இருக்கிறது, மனம்தான் வேண்டும்.

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும், புழுக்கத்திலும் எழுந்து போகாத தாய்மார்க்கும், எண்ணிப் பார்க்கக் கற்றுத்தந்த என் ஆசிரியைக்கும், மைக் அண்ணனுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இந்த விழாவுக்கு அழைப்பிதழே போகாத ராக்கம்மாளுக்கு, இத்தனை பேர் முன்னிலையில் என் வணக்கம்.

தலைவர் அவர்களே, மைக்கை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன். ஆம் அல்லது இல்லை என்று இவர்கள் எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள். அதுவரை நான் இங்கேயே நிற்கிறேன். வணக்கம்.