சுண்ணாம்புக் கோட்டுக்குள்ள ஒரு நீச்சல்குளம்

ஐயையோ, கால எடுங்க தம்பி, கால எடுங்க! அது ஆழமான பக்கம். அஞ்சரை அடி. இப்படி ஓரமா சுத்தி வாங்க. ஆங், அப்படித்தான். அந்த நாற்காலி இருக்கு பாருங்க, அது கரை. அங்க உக்காருங்க.

சிரிச்சுக்கோங்க, சிரிச்சுக்கோங்க. வெறும் மண்ணுன்னு எனக்கும் தெரியும். மண்ணு மேல சுண்ணாம்புக் கோடு, அவ்வளவுதான். ஆனா பதினாலு மாசமா இந்த வீட்டுல ஒருத்தரும் அதுக்குள்ள சும்மா கால் வெச்சதில்ல. கடைசியில நீச்சல்குளம் கட்ட வந்தவரே தவறி விழுந்துட்டீங்க, என்னத்தச் சொல்ல.

இல்ல, எங்க வீட்டுக்காரரு இன்னும் வரல. ஆறு மணிக்குள்ள வந்துடுவாரு. ஏதோ ஒரு ஆபீசுல லிஃப்ட் மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல நின்னு போச்சாம். உள்ள ஏழு பேராம். லிஃப்ட் மெக்கானிக்காச்சே, அவங்கள வெளிய எடுத்துட்டுத்தானே வர முடியும். நீங்க இதுக்கு முன்னாடி மூணு தடவை வந்தப்பவும் நான் வேலைக்குப் போயிருந்தேன், எல்லாம் அவருகிட்டதான் பேசினீங்க. இன்னைக்குத்தான் என்கிட்ட மாட்டினீங்க.

தெரியும் தம்பி, தெரியும். இன்னைக்கு ஆமாவா இல்லையான்னு ஒரே பேச்சா சொல்லணும். திங்கக்கிழமை ஜேசிபி பக்கத்துத் தெருவுக்கு வருது, ஆமான்னா அப்படியே இங்கயும் வந்து தோண்டிடும், இல்லன்னா நீங்க ஃபைல மூடிட்டு அடுத்த வீட்டப் பாக்கப் போயிடுவீங்க. நியாயம்தான். எத்தனை நாளைக்குத்தான் நீங்களும் நடப்பீங்க. அவரு வரட்டும், ரெண்டுல ஒண்ணு சொல்லிடலாம். அந்த ஃபிளாஸ்க்ல டீ இருக்கு, ஊத்திக்கோங்க. சர்க்கரை போடலையே, பரவாயில்லையா? டம்ளர கீழ வைக்கணும்னா இந்தப் பக்கமா வைங்க. அந்தப் பக்கம் வேணாம்.

இந்தக் கோட்டுக் கதைய கேளுங்க. போன வருஷம் வெயில் எப்படி அடிச்சுது, ஞாபகம் இருக்கா? ஃபேன் சுத்துது, சுத்துது, சூடான காத்த இந்தச் செவுத்துல இருந்து அந்தச் செவுத்துக்குத் தள்ளுது. அப்போ அவரு ஒரு ஹோட்டல்ல லிஃப்ட் மோட்டார் பாக்கப் போனாரு. மோட்டார் ரூம் மொட்டை மாடியில. அங்கிருந்து கீழ பாத்தா நீச்சல்குளம். அதுல ஒரு ஆளு மல்லாந்து படுத்து மிதக்குறானாம், தொப்பி வயித்து மேல இருக்காம். அவரு ஸ்பேனரக் கையில வெச்சுக்கிட்டு பத்து நிமிஷம் அப்படியே நின்னிருக்காரு.

வீட்டுக்கு வந்தாரு, ஷூவக் கூட கழட்டல. நம்ம வீட்டுக்குப் பின்னாடி இடம் இருக்கு. வெயிலு இப்படிக் கொளுத்துது. நாமளும் ஒரு நீச்சல்குளம் கட்டினா என்ன? அப்படின்னாரு. மூணு வாக்கியம் தம்பி! ஒண்ணு பின்னாடி ஒண்ணா மூணு வாக்கியம்! நான் பதறிப்போய் நெத்தியில கை வெச்சுப் பாத்தேன். காய்ச்சல் இல்ல. என் நாத்தனாரு, அவரோட அக்கா, எங்ககூடத்தான் இருக்காங்க, அவங்க சமையல்கட்டுல இருந்து கரண்டியோட ஓடி வந்து, யாரு வந்திருக்காங்க, ஆம்பளைக் குரல் கேக்குதேன்னாங்க.

அவரு அப்படிப்பட்ட ஆளு. வேலையில நல்லாப் பேசுவாரு. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்ககிட்ட போன்ல கேக்கணுமே... பயப்படாதீங்கம்மா, காத்து வரும், கதவ இழுக்காதீங்க, கீழ உக்காந்துக்கோங்க, இதோ வந்துட்டே இருக்கேன்னு. தேனா ஒழுகும். வீட்டுக்கு வந்தா உம், உம்ஹூம், அவ்வளவுதான். வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடும். என் பொழப்பும் அதே லட்சணம். பல் டாக்டர் கிளினிக்குல டோக்கன் குடுக்குறேன். வர்றவங்க கன்னத்தப் பிடிச்சுக்கிட்டு வருவாங்க, போறவங்க வாய் மரத்துப் போய்ப் போவாங்க. யாருகிட்ட பேசறது? அதான் உங்களப் பிடிச்சுக்கிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

நான் வேணாம்னுதான் சொன்னேன். இலை விழும், காக்கா குளிக்கும், யாரு சுத்தம் பண்றதுன்னேன். அவரு வேணும்னாரு. அப்புறம் நான் யோசிச்சுப் பாத்து வேணும்னேன், அதுக்குள்ள அவரு வேணாமோன்னாரு. பக்கத்து வீட்டுல விளையாட்டு வாத்தியாரு இருக்காரு, மைதானத்துல கோடு போடுற சுண்ணாம்பு ஒரு மூட்டை வெச்சிருந்தாரு. எங்க வீட்டுக்காரரு அத வாங்கிட்டு வந்து இந்தக் கட்டத்தப் போட்டாரு. பத்து நாள் இதுதான் நீச்சல்குளம்னு நெனச்சு நடமாடிப் பாப்போம், வீடு தாங்குமான்னு தெரிஞ்சுடும்னாரு. லிஃப்டுக்கு வெள்ளோட்டம் விடுற புத்தி. பத்து நாளு பதினாலு மாசம் ஆச்சு. மழை அழிச்சா மறுபடியும் போடுவாரு. ஒரு தடவை திருட்டுத்தனமா ஒரு அடி அகலமாப் போட்டாரு, நான் கண்டுபிடிக்காம இருப்பேனா?

அந்த ஒரு அடியில நாத்தனாரோட துணி காயப்போடுற கம்பி தண்ணிக்குள்ள போயிடுச்சு. பெரிய பஞ்சாயத்து. கடைசியில அவங்களுக்கு மட்டும் ஒரு சலுகை, துணி காயப்போட மட்டும் உள்ள இறங்கலாம்னு. இறங்கும்போது புடவைய முழங்கால் வரைக்கும் தூக்கிக்கிட்டுத்தான் இறங்குவாங்க. ஏன்னு கேட்டா, பழகிக்கணும்லங்கறாங்க. நீச்சல் தொப்பி கூட வாங்கி வெச்சிருக்காங்க, ரப்பர்ல, ரோஸ் கலரு. எண்ணெய்ல எதையாவது பொரிக்கும்போது மாட்டிக்கிறாங்க, முடியில வாடை புடிக்காதாம். மொத தடவை பாத்தப்ப பால்காரரு பயந்துட்டாரு.

நீந்தவா? யாருக்குத் தெரியும்? எங்க மூணு பேருக்கும் தெரியாது. அதுக்கென்ன, கார் வாங்கினவங்க எல்லாம் ஓட்டத் தெரிஞ்சுக்கிட்டா வாங்கினாங்க?

அவரு மட்டும் என்னவாம். ஒரு நாள் ஸ்பேனர் கை தவறி கோட்டுக்குள்ள விழுந்துடுச்சு. ரெண்டே எட்டு, நடந்து போய் எடுக்கலாம். மனுஷன் கரையில குப்புறப் படுத்து, தென்னை விளக்குமாத்த நீட்டி, முக்கா மணி நேரம் துழாவி எடுத்தாரு. எடுத்துட்டு அதத் துடைச்சாரு பாருங்க! ஈரமா இருக்கும்ல!

விளையாட்டு வாத்தியாரு இருக்காரே, அவரு இவங்களையெல்லாம் தூக்கி சாப்பிட்டுட்டாரு. எங்க வீட்டுப் பிள்ளைங்களும் வந்து குளிக்கலாமான்னு கேட்டாரு. ஞாயித்துக்கிழமை மட்டும்னு சொன்னேன். மூஞ்சி சுருங்கிப் போச்சு. சுண்ணாம்பு எங்களது, ஞாயித்துக்கிழமை மட்டுமான்னாரு. ரெண்டு வாரம் பேச்சுவார்த்தை இல்ல. அப்புறம் செவுத்து மேல எட்டிப் பாத்து, உங்க நீச்சல்குளத்தால எங்க வீட்டுல கொசு தாங்கலன்னாரு! அதுக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? மருந்து போட்டுடறோம் சார், மன்னிச்சுக்கோங்கன்னுட்டேன். சொல்லி முடிச்சு உள்ள வந்தப்புறம்தான், அடிப் பாவின்னு தோணுச்சு.

ஆமா, ஆமா, விஷயத்துக்கு வர்றேன். மணி என்ன? அஞ்சே முக்காலா? அதுக்குள்ளயா?

பாருங்க, கட்டலாம்தான். வெயிலுக்கு நல்லது. எனக்கு முழங்கால் வலி வேற, தண்ணியில நடந்தா நல்லதுன்னு டாக்டரே சொன்னாரு. ஆமா, பல் டாக்டருதான், டாக்டரு டாக்டருதானே? அதுக்காக உடனே கட்டிட முடியுமா? பக்கத்து வீட்டு மரம் வருஷம் பூரா இலை கொட்டுது. தண்ணிய சுத்தம் பண்ற மோட்டார் வேற ராப்பகலா உர்ருன்னு ஓடுமாமே. தெரு நாய் விழுந்தா யாரு தூக்கறது? நாத்தனாரு விழுந்தா யாரு தூக்கறது? தோண்டுற மண்ண எல்லாம் எங்க கொட்டுவீங்க? எல்லாத்துக்கும் பதில் வெச்சிருக்கீங்களே தம்பி. கொஞ்சம் பதில் தெரியாம வந்திருக்கக் கூடாதா?

நான் மழுப்பலையே. யாரு மழுப்பறா?

சரி, சொல்றேன். அவருகிட்ட சொல்லிடாதீங்க.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவரு வந்து, கை கால் கழுவிட்டு, இந்தக் கரையில உக்காருவாரு. நானும் உக்காருவேன். ரெண்டு பேரும் கால உள்ள நீட்டிக்குவோம். உக்காந்து நீச்சல்குளத்தப் பத்திப் பேசுவோம். படிக்கட்டு வைக்கலாமா, ஏணி வைக்கலாமான்னு முடிவு பண்ண மட்டும் மூணு வாரம் ஆச்சு. படிக்கட்டுப் பேச்சு வந்தப்பதான், சின்ன வயசுல பள்ளிக்கூடத்துப் படிக்கட்டுல விழுந்து முன்பல்லு ஒடஞ்ச கதையச் சொன்னாரு. இருபத்தாறு வருஷமா அந்தப் பல்லப் பாத்துட்டு இருக்கேன், பல் டாக்டர்கிட்ட வேலை வேற பாக்குறேன், அது கட்டுன பல்லுன்னே எனக்குத் தெரியாது தம்பி! டைல்ஸ் என்ன நிறம்னு பேச்சு வந்துச்சு. நீ கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு நாள் பஸ் ஸ்டாப்புல நீலக் குடை பிடிச்சுக்கிட்டு நின்னியே, அந்த நீலம்னாரு. அப்படி ஒரு குடை இருந்ததே எனக்கு மறந்து போச்சு. அவருக்கு ஞாபகம் இருக்கு. உம், உம்ஹூம்னு மட்டும் சொல்லிட்டு இருந்த மனுஷனுக்கு.

எங்களுக்குள்ள சண்டைன்னு ஒண்ணும் கிடையாது. பேச ஒண்ணும் இல்லாம இருந்துச்சு, அவ்வளவுதான். பொண்ணு கல்யாணமாகிப் போனதும் அவரு போனும் கையுமா, நானும் டிவியுமா இருந்தோம்.

இப்போ நீங்க ஜேசிபியக் கொண்டு வந்து தோண்டிட்டா என்ன ஆகும்? இறங்குவோம், குளிப்போம், தலையத் துவட்டிக்கிட்டு உள்ள போயிடுவோம். வேணாம்னு முடிவு பண்ணிட்டாலும் அதே கதிதான், நாற்காலிய எடுத்து உள்ள போட்டுடுவோம். ரெண்டுல எதச் சொன்னாலும் அந்தப் பேச்சு நின்னு போயிடும். எனக்கு பயமா இருக்கு தம்பி. சிரிப்பா இருக்கும் உங்களுக்கு, எனக்கு நெஜமாவே பயமா இருக்கு.

அதனால நீங்கதான் ஏதாவது செய்யணும். மண்ணு இளகலா இருக்குன்னு சொல்லுங்க. அடியில பைப்பு போகுதுன்னு சொல்லுங்க. மழைக்காலம் முடியட்டும், வந்து மறுபடியும் அளக்குறேன்னு சொல்லுங்க. ஃபைல மட்டும் மூடிடாதீங்க. கட்டவும் வேணாம், கைவிடவும் வேணாம். உங்க கால்ல வேணா விழறேன்.

என்ன, எதுக்கு இப்போ சிரிக்கிறீங்க? நான் இவ்வளவு சொல்லிட்டு இருக்கேன்...

என்னது? யாரு, அவரா? எப்போ? மத்தியானமா? அந்த லிஃப்டுக்குள்ள ஏழு பேர வெச்சுக்கிட்டு உங்களுக்குப் போன் பண்ணாரா?

என்ன சொன்னாரு? இல்ல இல்ல, அப்படியே சொல்லுங்க, ஒரு வார்த்தை விடாம.

இன்னைக்கு எதையும் முடிவு பண்ணிடாதீங்க தம்பி... ம். ஏதாவது சாக்கு சொல்லி இன்னும் ஒரு ரெண்டு மாசம் தள்ளிப் போடுங்க... ம். அவ இன்னும் பேசி முடிக்கல. பேசட்டும்னாரா? அப்படியேவா சொன்னாரு? பேசட்டும்னா?

நாலு வாக்கியம் தம்பி.

இருங்க, வண்டிச் சத்தம். வந்துட்டாரு. எனக்கு எதுவும் தெரியாது, நீங்களும் எதுவும் சொல்லல, என்ன? எந்திரிங்க, எந்திரிங்க. டேப்ப எடுங்க. அந்த முனைய நீங்க பிடிங்க, இத நான் பிடிச்சுக்குறேன். ம், அளங்க. மெதுவா. இன்னும் கொஞ்சம் மெதுவா.