சாப்பாட்டு நேரத்துல அரை மணி

அத எழுதாதீங்க சார். பயிற்சி ரொம்பப் பயனுள்ளதா இருந்திச்சின்னு நான் எப்ப சொன்னேன்? நீங்க கேட்டீங்க, நான் சும்மா இருந்தேன். சும்மா இருந்தா ஆமான்னு அர்த்தமா? அடிச்சிடுங்க அத.

ஆமா, கோவமாத்தான் பேசறேன். உங்க மேல இல்ல. நீங்க இன்னா பண்ணுவீங்க, ஒரு பாரத்தக் கையில குடுத்து, ஆரணிக்குப் போய் நாலு பேராண்ட கேட்டுகினு வான்னு உங்க ஆபீஸ்ல அனுப்பிச்சாங்க, வந்துட்டீங்க. டீ ஆறுது பாருங்க, குடிச்சிகினே கேளுங்க. பேரு ஸ்வர்ணலதா, இந்தக் கம்பெனில இருவத்திரெண்டு வருசம்னு எழுதினீங்க இல்ல, அது வரைக்கும் சரி. அதுக்குக் கீழ எழுதறதுதான் தப்பு.

நான் இங்க அட்டை அடிக்கிற வேலைக்கு வந்தவ. பட்டுப்பொடவைல பார்டரு, முந்தி, புட்டா எல்லாம் வருதே, அத மொதல்ல கட்டம் போட்ட கிராப் பேப்பர்ல பென்சிலால வரைவோம். அப்பறம் அதப் பாத்து அட்டையில ஓட்டை போடணும். அந்த அட்டைங்கள வரிசையா கோத்து தறி மேல மாட்டினாத்தான், எந்த நூல் ஏறணும் எது எறங்கணும்னு தறிக்குத் தெரியும். ஒரு வரிசை மாறினா அன்னப்பட்சிக்குக் கழுத்து இருக்காது. இருவத்திரெண்டு வருசத்துல என் கையில ஒரு பட்சிக்கும் கழுத்து போனதில்ல.

போன வருசம் பெரிய முதலாளி சுப்பராயலு ஐயா ஒதுங்கிட்டாரு. புள்ள கிரண் பாத்துக்க வந்தாரு. வந்த ஆறு மாசத்துல எலக்ட்ரானிக் மிசின் எறக்கிட்டாரு. அட்டையே வேணாம். கம்ப்யூட்டர்ல டிசைன் போட்டு ஒரு பென் டிரைவ்ல ஏத்திகினு போய் தறியாண்ட சொருவினா போதும். நல்லதுதான் சார், நான் அதக் கொற சொல்லல. அட்டை அடிச்சி அடிச்சி எனக்கு ரெண்டு தோளும் போச்சி. மிசின் வந்துடுச்சேன்னு நான் ஒரு நாளும் அழுவல.

அட்டை ரூம்ல இருந்த ஏழு பேரையும் கூப்ட்டு நிக்க வச்சாரு. மூணு மாசம் டைம், கம்ப்யூட்டர் கத்துக்கினவங்க டிசைன் செக்சன்ல இருங்க, மத்தவங்க வேற எடம் பாத்துக்கங்கன்னாரு. அப்பத்தான் உங்க ஆபீஸ்ல இருந்து ஒரு சாரு வந்தாரு. ரெண்டு நாளு. செவுத்துல படம் ஓட்டினாரு. லேயர்ன்றாரு, பிக்சல்ன்றாரு, எங்க மூஞ்சிய ஒரு தடவ திரும்பிப் பாக்கல. சின்னம்மாள் அக்கா, எங்க எல்லாரையும் விட மூத்தவங்க, கைய தூக்கி, ஐயா இப்ப எந்தப் பட்டன அமுக்கினீங்கன்னு கேட்டாங்க. புக்குல இருக்குது பாத்துக்கங்கம்மான்னாரு. புக்கு பூரா இங்கிலீஷ். ரெண்டாம் நாள் சாயங்காலம் எங்கள வரிசையா நிக்க வச்சி போட்டோ எடுத்துகினு, பஸ்ஸுக்கு நேரமாச்சின்னு ஜல்தியா கெளம்பிட்டாரு. அவ்ளோதான் உங்க பயிற்சி.

அதுக்கப்பறம் நாங்க பட்ட பேஜார் யாருக்குத் தெரியும்? மௌஸ புடிச்சா கையெல்லாம் வேர்க்கும். அந்த அம்புக்குறி ஒரு மூலைக்கு ஓடிப் போய் நின்னுக்கும். எங்க கிடக்குதுன்னே தெரியாது. நாப்பத்தாறு வயசுல ஒண்ணாங்கிளாஸ் புள்ளயாட்டம் உக்காந்துகினு இருந்தேன். ஒரு நாளு பாத்ரூம்ல தண்ணிய தொறந்து வுட்டுட்டு அழுதுட்டேன். வெளிய வந்தா அன்புச்செல்வி நிக்கறா.

அவ யாருன்னா, ஆபீஸ்ல பொடவைக்கு ஸ்டிக்கர் அடிக்கிற பொண்ணு. இருவத்திநாலு வயசு. பெரணமல்லூர் பக்கம் ஊரு. அம்மா பாஞ்சாலை இன்னிக்கும் நடவுக்குப் போறாங்க. அந்த வீட்ல கம்ப்யூட்டர் படிச்ச மொத ஆளு இவதான். அக்கா, உங்க கிராப் பேப்பர் ஒண்ணு எடுத்துகினு வாங்கன்னா. எதுக்குடின்னேன். எடுத்துகினு வாங்கன்னா.

நான் வரைஞ்ச பழைய அன்னப்பட்சி ஒண்ண எடுத்துகினு போனேன். கம்ப்யூட்டர்ல டிவி மாதிரி இருக்குதே, அது பக்கத்துல அத சாச்சி வச்சா. அப்பறம் கம்ப்யூட்டர்ல இருந்த ஒரு டிசைன பெருசாக்கினா, பெருசாக்கினா, பெருசாக்கிகினே போனா. பாத்தா கட்டம் சார். அதே கட்டம். இந்தக் கட்டம் ஒரு நூலு, அந்தக் கட்டமும் ஒரு நூலு. நீங்க பென்சில்ல நெரப்பினத இங்க மௌஸால நெரப்பறீங்க, உங்களுக்குத் தெரிஞ்ச வேலைதான் அக்கான்னா. உங்க சாரு ரெண்டு நாளு பேசினாரே, அந்த ஒரு வார்த்தைய சொன்னாரா? நீ இருவத்திரெண்டு வருசமா செஞ்சிகினு இருக்கற வேலைதான் இதுன்னு ஒருத்தர் சொல்லணும் சார். அத சொல்லாம வேற எத சொல்லியும் ஏறாது.

தெனம் சாப்பாட்டு நேரத்துல அரை மணி. அவ வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அஞ்சு நிமிசத்துல வாரிப் போட்டுகினு ஓடி வருவா. எனக்கு வந்துடுச்சின்ன ஒடனே எங்க அட்டை ரூம் சத்யப்ரியா வந்து நின்னா, சின்னம்மாள் அக்கா வந்தாங்க, இன்னும் ரெண்டு பேர் சேந்து அஞ்சு பேர் ஆயிட்டோம். ஒருத்தரயும் அவ அவசரப்படுத்தல. அவ கைய வச்சி செஞ்சி காட்ட மாட்டா, நம்ம கையாலதான் செய்ய வைப்பா. அவளும் எங்களாண்ட கேப்பா. நூலு ஏன் அக்கா இவ்ளோ நீளமா மேல கெடக்கக் கூடாதுன்னு கேட்டா. வளையல்ல மாட்டி இழுத்துக்கும்டின்னு சொன்னேன். அத நோட்டுல எழுதி வச்சிகினா.

இன்னொண்ணும் சொல்றேன், கேட்டுக்கங்க. நாங்க வட்டமா உக்காந்து சாப்புடுவோம். அவ மாடிப்படில உக்காந்து சாப்புடுவா. ஏன்னு உங்களுக்குப் புரியும், நான் சொல்ல வேணாம். அவள யாரும் வராதன்னு சொன்னதில்ல. வான்னும் சொன்னதில்ல. அவகிட்ட மௌஸ் புடிக்க ஒரே நாள்ல கத்துக்கினோம். தட்ட எடுத்துகினு இங்க வாடின்னு சொல்ல எங்களுக்கு ரெண்டு மாசம் ஆச்சி. தூ.

இல்ல, நான் நல்லாத்தான் இருக்கறேன். தண்ணி வேணாம்.

மூணு மாசம் முடிஞ்சிது. கிரண் டெஸ்ட் வச்சாரு. ஏழு பேர்ல அஞ்சு பேர் பாஸ். அந்த அஞ்சத்தான் உங்க பேப்பர்ல பெருசா போட்டிருக்கீங்க, உங்க பயிற்சியோட வெற்றின்னு. அந்த அஞ்சு பேரும் அவகிட்ட உக்காந்த அஞ்சு பேரு. உக்காராத ரெண்டு பேரும் வேலையில இல்ல. யாருகிட்ட கத்துக்கினீங்கன்னு ஒரு கோடு வுட்டிருக்கீங்களே, அதுல அன்புச்செல்வின்னு எழுதுங்க. முழுப் பேரு எழுதுங்க. சு. அன்புச்செல்வி.

அவளாண்டயும் பேசணுமா? இங்க எங்க இருக்கறா பேச. தொரத்திட்டாங்களே.

கார்த்திகைல ஒரு கல்யாண ஆர்டர் வந்துச்சி. ஒரே மாதிரி ஒம்போது பொடவை, பார்டர்ல ஜோடி மயிலு. ரெண்டும் மூஞ்சப் பாத்துகினு நிக்கணும். நெய்ஞ்சி எறக்கினா, முதுகக் காட்டிகினு நிக்குது. ஆறு பொடவை முடிஞ்சப்பறம்தான் கண்ணுல பட்டுது. கல்யாணப் பொடவைல அப்பிடி இருந்தா யாரு தொடுவாங்க? ஆர்டர் போச்சி. கிரண் தையதக்கான்னு குதிச்சாரு. கடைசில வந்து விடிஞ்சது அன்பு தலையில. ஸ்டிக்கர் அடிக்கிறவளுக்கு டிசைன் கம்ப்யூட்டர்ல இன்னா வேலை, யாரக் கேட்டு இவங்களுக்குச் சொல்லிக் குடுத்தன்னு கத்தினாரு. அவ, லஞ்ச் டைம்ல தான் சார்னா. அவ்ளோதான் பேசினா. நாங்க அஞ்சு பேரும் அங்கயே நிக்கறோம். சார், இந்தப் பொண்ணு இல்லன்னா நாங்க யாரும் இங்க இல்லன்னு ஒரு வாய் தொறக்கல. தரையப் பாத்துகினு நின்னோம். அன்னிக்கே பைய எடுத்துகினு போய்ட்டா.

காஞ்சிபுரத்துல ஒரு எடத்துல டிசைன் வேலைக்குப் போய் கேட்டாளாம். அவங்க இங்க போன் பண்ணி விசாரிச்சிருக்காங்க. டிசைன கெடுத்துட்டுப் போனவன்னு கிரண் சொன்னாரு. நான் அப்ப பக்கத்து சீட்லதான் இருந்தேன், என் காதால கேட்டேன். அந்த வேலையும் போச்சி. கேட்டுகினு மயிலுக்குக் கொண்டை வரைஞ்சிகினு இருந்தேன்.

போன ஞாயித்துக்கெழம போளூருக்குப் போனேன். அங்க பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு ஜெராக்ஸ் கடையில நிக்கறா. என்னப் பாத்ததும் ஸ்டூல இழுத்துப் போட்டா. டீ வாங்கியாந்து குடுத்தா. திட்டுவான்னு நெனச்சிகினு போனேன் சார், திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். யாரோட ரேசன் கார்டையோ மிசின்ல வச்சிகினே, அக்கா, இப்பல்லாம் ஃபைலுக்குத் தேதி போட்டு சேவ் பண்றீங்களான்னு கேட்டா.

அதக் கேட்டதும் டீய கீழ வச்சிட்டேன்.

ஏன்னா, அவளுக்குத் தெரியும். அன்னிக்கே தெரியும். அந்தக் கல்யாண ஆர்டருக்குப் பென் டிரைவ்ல ஏத்தினது நான்தான் சார். மயில திருப்பி சரி பண்ணி வச்ச ஃபைல வுட்டுட்டு பழசையே ஏத்திட்டேன். ரெண்டுக்கும் ஒரே பேரு, தேதி போடல. யாரு செஞ்சதுன்னு கிரண் கேட்டப்ப, அன்பு சொல்லிக் குடுத்தா மாதிரிதான் செஞ்சேன்னு சொன்னேன். ஏத்தறதுக்கு சொல்லிக் குடுத்தது அவதான், பொய்யின்னும் சொல்ல முடியாது. அந்த ஒரு வார்த்தைலதான் அவ போனா. என்னய ஒரு பார்வ பாத்துட்டு பைய எடுக்கப் போய்ட்டா.

இன்னிக்குக் காலைல கிரண் ரூமுக்குப் போய் இத அப்பிடியே சொல்லிட்டேன். அந்தப் பொண்ண காஞ்சிபுரத்துல கெடுத்தீங்களே, அதே போன்ல கூப்ட்டு உண்மைய சொல்லுங்கன்னேன். முடிஞ்சத எதுக்குக் கிளர்றீங்க, வெளிய பயிற்சிக்காரரு உக்காந்திருக்காரு, நல்லா இருந்துச்சின்னு நாலு வார்த்த சொல்லுங்க, தைல இருந்து நீங்கதான் செக்சனுக்கு சூப்பர்வைசர்னாரு. நீங்க போன் பண்ணலன்னா பரவால்ல, நான் நேராவே போய் சொல்லிக்கறேன்னேன். என்னாண்ட இருந்த டிசைன் ரூம் சாவிய அவரு மேஜை மேல வச்சிட்டுதான் உங்களாண்ட வந்து உக்காந்தேன். காஞ்சிபுரம் பஸ்ஸு பன்னண்டரைக்கு.