மல்லாபூர் ஆலை வாசலை வகுப்பறையாக்கிய வேதவல்லி அம்மையாருக்கு

சமூகவியல் துறையின் தலைமகளே! சலிப்பறியாச் சான்றோரே! சைனிக்புரியிலிருந்து முப்பத்தோராண்டுகள் கல்லூரியின் முதல் மணிக்கு முன்பே வந்து நின்ற முனைப்பே! வணக்கம்.

தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் தங்களை வாழ்த்தி முடித்த இவ்வவையில், தமிழ் பேசும் ஆசிரியர்களாகிய நாங்கள் நால்வரும் எங்கள் மொழியில் இம்மடலைப் படித்தளிக்கிறோம்.

துணிவின் திருவுருவே!

ஏழாண்டுகளுக்கு முன், வணிக நிர்வாகப் படிப்பில் இடமின்றி மாணவர் திரும்பிச் சென்ற அதே ஆண்டில், சமூகவியலில் சேர்ந்தோர் ஒன்பதே பேர். துறையை மூடிவிடலாம் என்றது நிர்வாகக் குழு. அக்கூட்டத்தில் நாங்கள் வாய் திறக்கவில்லை. அந்த வருத்தம் எங்களுக்கு இன்றும் உண்டு. தாங்கள் மட்டும் எழுந்தீர்கள். "ஒரு வருஷம் குடுங்க சார். பிபிஏ பசங்களையும் என்கிட்ட விடுங்க" என்றீர்கள். குழுவும் இசைந்தது.

மல்லாபூரில் அட்டைப்பெட்டி செய்யும் ஓர் ஆலையில் பெண்கள் மூன்று மாதம்கூட நிலைப்பதில்லை. ஏனென்று கண்டறியச் சொன்னீர்கள்; காரணம் கூலிதான் என்று வணிக மாணவர்கள் வகுப்பில் உட்கார்ந்தபடியே எழுதிவிட்டனர். தாங்கள் நேரில் போய்க் கேட்கச் சொன்னபோது இர்பான் என்ற மாணவர் முரண்டு பிடித்தார்.

"நக்கோ மேடம், வேணாம்! மேனேஜர் ஆகப்போறவனுக்கு இதெல்லாம் கைக்கு, எதுக்கு?"

"ஆளு ஏன் நிக்கலைன்னே தெரியாம, யாருக்குப்பா நீ மேனேஜர் ஆவே?" என்றீர்கள்.

ஆறு வாரம் வெயிலில் தாங்களும் உடன் நிற்க, அறுபத்திரண்டு பெண்களிடம் மாணவர்கள் பேசினார்கள். வேலை தொடங்குவது காலை ஆறு மணிக்கு. அப்பெண்களின் பகுதியிலிருந்து முதல் பேருந்து புறப்படுவதே ஆறேகாலுக்கு! "கூலி இல்ல மேடம், பஸ்ஸு!" என்று ஓடிவந்து சொன்னவரும் அதே இர்பான்தான். ஆலை தன் நேரத்தை ஒரு மணி தள்ளி வைத்தது, பெண்கள் நிலைத்தார்கள். அவ்வறிக்கையைப் படித்த நிர்வாகக் குழு, வணிகமும் சமூகவியலும் இணைந்த புதிய பட்டப்படிப்புக்கு ஒப்புதல் தந்தது. இவ்வாண்டு அதன் அறுபது இடங்களும் நிரம்பிவிட்டன!

பொறுப்பின் இலக்கணமே!

தாங்கள் ஓய்வு பெற்றபின் இவ்விடம் காலியாகவே கிடக்குமோ என அஞ்சினோம். தாங்களோ ஓராண்டாக கல்லூரி முதல்வர் அறைக்கு நடையாய் நடந்து, நிரந்தர நியமனத்தைப் பெற்றே விட்டீர்கள். கடந்த திங்களன்று புதிய ஆசிரியர் சுபாஸ்ரீ பொறுப்பேற்றதும், "இப்ப நிம்மதியா வீட்டுக்குப் போவேன்" என்று சிரித்தீர்கள்.

போய் வாருங்கள், அம்மா! நோய் அணுகா உடலும், நூல் அகலாக் கையும், கேள்வி ஓயா மனமும் கொண்டு நெடுங்காலம் மகிழ்ந்திருங்கள். நாளைக் காலை தங்கள் துறையின் கதவு திறந்தே இருக்கும்.

என்றும் தங்கள் அன்பில்,
உடன் பணியாற்றிய நால்வர்
ஹைதராபாத்