ஜீரோவின் மூச்சு

மேடம்: ...இன்னொரு தடவ ஊதுங்க. முழுசா.

டிரைவர்: ரெண்டு தடவ ஊதியாச்சு மேடம். இதுக்கு மேல ஊதினா நுரையீரலே வெளிய வந்துடும்.

மேடம்: ஊதுங்கன்னா!

டிரைவர்: ஃபூ... எவ்வளவு?

மேடம்: நாப்பத்தொண்ணு.

டிரைவர்: ஐயையோ! நான் குடிச்சதே இல்லைன்னு இந்த பஸ் டிப்போவுக்கே தெரியும். எனக்குப் பட்டப்பேரே ஜீரோ! உங்க மெஷினுக்குத்தான் ஏறியிருக்கு.

மேடம்: மெஷின வம்புக்கு இழுக்காதீங்க. இதோ, இந்த சிலிண்டர்ல இருக்கறது ஆல்கஹால் அளந்து கலந்து அடைச்ச வாயு. முப்பது காட்டணும்... முப்பது. இப்ப வெறும் காத்து... ஜீரோ. மெஷின் சரியாத்தான் இருக்கு.

டிரைவர்: அப்ப நான்தான் சரியில்லையா? ஆறு மணி பஸ் மேடம்! ஃபெயில்னு எழுதினீங்கன்னா ஒரு மாசம் ஸ்டியரிங்கத் தொட விடமாட்டாங்க. எங்கம்மா வீட்டுக்குள்ளயே விடமாட்டாங்க.

மேடம்: கத்தாதீங்க, டைம்கீப்பர் எட்டிப் பார்க்கறார். முதல்ல அம்பத்தெட்டு, அப்புறம் அம்பது, இப்ப நாப்பத்தொண்ணு... குடிச்சவங்களுக்கு இப்படி சரசரன்னு இறங்காதே. வாயில என்ன போட்டீங்க?

டிரைவர்: ஒண்ணுமில்லையே.

மேடம்: என் கண்ணப் பார்த்துச் சொல்லுங்க.

டிரைவர்: ...பல் தேய்ச்சேன்.

மேடம்: அப்புறம்?

டிரைவர்: அப்புறம்... ஒரு நீல பாட்டில்... வாய் கொப்பளிக்கற மருந்து. புதினா வாசனை. இப்பதான், கேட்டுக்கு வெளிய நின்னு ரெண்டு மூடி...

மேடம்: அடப்பாவி! அதுல ஆல்கஹால் இருக்குங்க!

டிரைவர்: லேபிள்ல 'புத்துணர்ச்சி'ன்னுதானே பெருசா போட்டிருந்தான்!

மேடம்: தண்ணியில கொப்பளிச்சுட்டு கால் மணி நேரம் கம்முனு உக்காருங்க. வாயில இருக்கறது போயிடும். ரத்தத்துல இருந்தாத்தான் போகாது.

டிரைவர்: கம்முனே உக்காரணுமா?

மேடம்: அது உங்களால ஆகற காரியமா... பேசுங்க. திடீர்னு எதுக்கு இந்த வாசனையெல்லாம்?

டிரைவர்: தினம் உங்க மூஞ்சிக்கு நேரா நின்னு ஊதறேன்... நேத்து நீங்க மூக்கச் சுருக்கினீங்க. மனசே சரியில்ல எனக்கு.

மேடம்: எனக்கு சளிங்க! தும்மல அடக்கினேன்!

டிரைவர்: போச்சுடா... இதுக்கா போய் மாட்டிக்கிட்டேன்!

மேடம்: சிரிக்க வைக்காதீங்க... ஐயோ, வயிறு வலிக்குது...

டிரைவர்: நீங்க சிரிங்க. எனக்கு இங்க உசுரு போகுது.

மேடம்: சரி சரி... பேசிப் பேசியே கால் மணி ஆச்சு. ஊதுங்க.

டிரைவர்: ஃபூ...

மேடம்: ஒண்ணு.

டிரைவர்: ஒண்ணா! என் பேரே போச்சே!

மேடம்: பாஸ்தான், போங்க. மூணுக்குக் கீழ எது வந்தாலும் அது மெஷினோட நடுக்கம். இருக்குன்னு சொல்ல முடியாது.

டிரைவர்: அப்ப இல்லைன்னு சொல்லலாமா?

மேடம்: அதையும் சொல்ல முடியாது.

டிரைவர்: என்னைப் பிடிச்சிருக்கான்னு கேட்டப்பவும் இதே பதில்தான் சொன்னீங்க.

மேடம்: பஸ்ஸுக்கு நேரமாச்சு. கிளம்புங்க.

டிரைவர்: போறேன். ஒரே ஒரு சந்தேகம்... மெஷின ஜீரோவுல நிறுத்த, குடிக்காதவன் மூச்சு வேணும்னுதானே தினம் மத்த டிரைவருங்களுக்கு முன்னாலயே என்னை வரச் சொல்றீங்க?

மேடம்: ஆமா.

டிரைவர்: இன்னிக்கு வெறும் காத்துலயே ஜீரோ வந்துச்சே?

மேடம்: ...அதப் பார்த்துட்டீங்களா?

டிரைவர்: பார்த்துட்டேன். மெஷினுக்கு என் மூச்சு நிஜமாவே வேணுமா மேடம்?

மேடம்: மெஷினுக்கு வேணாம்... நாளைக்கும் சீக்கிரமே வாங்க.