கக்கத்தில் இடுக்கிய செருப்பு

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்கு ஆள் எடுத்த வரிசையில், எனக்கு முன்னால் நின்றவன் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தான். அவனுக்கு முன்னால் நின்ற உள்ளூர்க்காரர் திரும்பிக் கேட்டார்.

“எந்த ஊருப்பா?”

“விழுப்புரம் பக்கம்.”

“அப்ப நீ இங்கிலீஷ்காரன் ஆளு. பிரெஞ்சுக்காரன் அன்னியன்னு தொரத்திடுவான்.”

“அன்னியருக்குன்னே இவங்க தனிப் படை வச்சிருக்காங்களாம். அதுல சேத்துக்கட்டும்.”

“சொந்த ஊர விட்டுட்டு அன்னியன்னு சொல்லிக்குவியா?”

“எங்க ஊர்ப் பெரிய தெருவுல நாங்க செருப்பு போட்டு நடக்கக்கூடாது. அந்தப் பழக்கத்துல இங்கயும் கழட்டிட்டேன். அந்த ஊரு எப்பிடி எனக்குச் சொந்தம்?”

உள்ளேயிருந்து அவர்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். அவன் செருப்பைத் தரையில் போட்டு மாட்டிக்கொண்டான்.

“சேத்துக்கலன்னா?” என்றார் உள்ளூர்க்காரர்.

“சேத்துக்கலன்னாலும் இதக் கழட்டமாட்டேன். இப்பிடியேதான் பெரிய தெரு வழியா வூட்டுக்குப் போவேன்.”