அவர் அக்காவிடம் சொன்னது

என் பெயரும் விலாசமும் மேலே எழுதியிருக்கிறபடி சரி. வயது நாற்பத்தாறு. அச்சகத்தில் பைண்டிங் வேலை. பைண்டிங்காரம்மா என்றால்தான் தெருவில் தெரியும். இறந்துபோன வெல்டர் என் கணவர். அவருக்கு நான் விஷம் கொடுத்ததாகக் கொழுந்தனார் கொடுத்த புகாரின் பேரில் விசாரிக்க, நான் சொல்வதாவது:

என் கணவருக்கு நுரையீரலில் சளி கட்டி மூச்சுத் திணறியதால் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம். மூக்கில் குழாய் போட்டு, சத்துப் பவுடர் கரைத்த பாலை நர்ஸ்தான் ஊற்றுவார். அந்தக் குழாயை நான் தொட்டதே இல்லை. அதன் பிறகு அவருக்குப் புத்தி தடுமாறி, ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றி, "போட்டுக்கம்மா, பொறி பறக்குது, கண்ணு போயிடும்" என்று நர்ஸிடம் நீட்டினார். நோய் முற்றினால் சிலருக்கு இப்படி ஆகும் என்று டாக்டர் சொன்னார்.

அதன் பிறகு பார்க்க வந்த கொழுந்தனாரிடம், "பைண்டிங் பசையக் கரைச்சு ஊத்துறாடா, என்னைக் கொல்லப் பாக்குறா" என்றார். அந்தப் பால் எங்கள் பசை மாதிரிதான் இருக்கும். கொழுந்தனார் அதைச் செல்போனில் பதிவு செய்தார். நான் கட்டிலை ஒட்டித்தான் நின்றிருந்தேன். இத்தனை வருஷம் சோறு போட்ட கைக்கு நல்ல பேர் கிடைத்தது. அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை.

அதன் பிறகு கொழுந்தனார் வெளியே போனதும் என் கணவர் என் கையைப் பிடித்து, "அக்கா, எப்ப வந்தே? அவளை உள்ள விடாதே" என்றார். அவருடைய அக்கா எங்கள் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். நான் உன் பெண்டாட்டி என்று சொன்னால் கையை உதறிவிடுவார் என்பதால் சொல்லவில்லை. "விடமாட்டேன்டா, நீ தூங்கு" என்றேன். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவரை நான் 'டா' போட்டது அப்போதுதான். சிரித்தார். கையை விடாமலே தூங்கினார். அதன் பிறகு பேசவில்லை. மறுநாள் மத்தியானம் உயிர் போய்விட்டது.

பிரேதப் பரிசோதனைக்கு எனக்கு ஆட்சேபணை இல்லை. செல்போனில் அவர் சொன்னது உண்மை என்று எழுதினால், கடைசியாக அவர் கையைப் பிடித்திருந்தது அவர் அக்கா என்றும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, பொய் எதுவும் இல்லை. இறந்தவருக்கு என்ன உறவு என்று கேட்டிருக்கும் இடத்தில் மனைவி என்று எழுதவும்.

(ஒப்பம்)